உண்டியல்: ஒரு சொல்லும் கடல் கடந்து வந்த பொருளும்

‘உண்டியல்’ என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம் நெஞ்சில் தோன்றுவது ஜினாலயத்து மண்டபத்தில் வைக்கப்பட்டிருக்கும் காணிக்கைப் பெட்டியே ஆகும். ஆனால் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. ஓர் ஊரில் பணத்தைச் செலுத்தி, தொலைவிலுள்ள மற்றோர் ஊரில் அதனைப் பெற்றுக்கொள்ளும் வண்ணம் வணிகர் எழுதித் தந்த சீட்டிற்கும் உண்டியல் என்றே பெயர். வடபுலத்தார் அதனை ‘ஹுண்டி’ என்றனர். பின்னாளில், சீட்டு எதுவும் எழுதாமலே வெளிநாட்டுப் பணத்தை வீட்டு வாசலில் கொண்டு தரும் மறைமுக வழிக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. ஒரே சொல், எழுதிய வழிக்கும் எழுதாத வழிக்கும் பெயராக அமைந்தது வியப்பிற்குரியது.

இன்று திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் வெளிநாட்டில் ஒரு பிள்ளையேனும் இல்லாத தெருவைக் காண்பது அரிது. துபாயில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், அமெரிக்காவில் ஒருவர் என்று நம் இல்லங்கள் கடல் கடந்து விரிந்துள்ளன. அவர்கள் அனுப்பும் பொருளால் வீடுகள் எழுகின்றன, பிள்ளைகள் படிக்கின்றனர், திருப்பணிகளும் நடைபெறுகின்றன. அப்பொருள் நம்மை வந்தடையும் வழியின் வரலாற்றை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. அவ்வரலாற்றைத் தொடர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அனுப்பியவர் யார், அனுப்பியது எவ்வளவு, எதன் பொருட்டு, இதற்குச் சான்று எது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை எழுதப்பட்ட இடங்களில் பொருளும் நிலைத்தது, உறவும் நிலைத்தது. விடை எழுதப்படாத இடங்களில் இரண்டும் தளர்ந்தன.

கல்லில் எழுதிய வரவு

அயல்நாட்டிலிருந்து தமிழகத்துக் கோயிலொன்றிற்குப் பொருள் வந்த செய்தியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் பொறித்து வைத்துள்ளனர். நாகப்பட்டினம் காரோணத்துச் சிவன் கோயிலில் முதலாம் இராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கடல் கடந்த கிடாரத்தை ஆண்ட அரசனின் பணியாளர் அக்கோயிலுக்கு அளித்த கொடையை அவை குறிக்கின்றன. அளித்தது ‘சீனக்கனகம்’, அதாவது சீனப் பொன். கொடுத்தவர் யார், எந்த அரசனின் ஆள், பொன்னின் எடை எத்தனை கழஞ்சு, அது எதற்குச் செலவிடப்பட வேண்டும் என்பனவெல்லாம் அங்கே எழுதப்பட்டுள்ளன. கல்லே அக்காலத்து வரவுச் சீட்டு. கொடுத்தவரும் பெற்றவரும் மறைந்த பின்னரும் கணக்கு மறையாமல் நிற்கிறது.

நம் திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதர் கோயிலிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கொடையை எழுதி வைத்தல் என்பது கொடையாளியின் புகழுக்காக மட்டும் செய்யப்பட்டதன்று. பின்வரும் தலைமுறையினர் அப்பொருளைத் தம் பொருளாகக் கருதிவிடாதிருக்கும் பொருட்டும் செய்யப்பட்டது. கள்ளாமை என்னும் விரதத்திற்குக் கணக்கே காவல் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

எழுதிய உண்டியல்

தொலைதூரத்திற்குப் பொன்னையும் வெள்ளியையும் சுமந்து செல்வது கள்வர் அச்சத்தால் அரிதாயிருந்த காலத்தில் உண்டியல் தோன்றி வளர்ந்தது. கி.பி. 1641இல் ஆக்ராவில் தம் வாழ்க்கை வரலாற்றை ‘அர்த்தகதானகம்’ என்னும் நூலாக எழுதிய பனாரசிதாசர் ஜைன வணிகர். அந்நூலில் உண்டியல் வணிகரின் அன்றாட வழக்காகவே காட்சி தருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் வங்காளத்து முர்ஷிதாபாத்தில் வாழ்ந்த ஜைனக் குடும்பத்தைச் சேர்ந்த பதேசந்து என்பவருக்கு மொகலாயப் பேரரசர் ‘ஜகத் சேட்’ என்னும் பட்டத்தை வழங்கினார். வங்காளத்து வரிப்பணம் தில்லிக்குச் செல்லவும் அக்குடும்பத்தின் உண்டியல் துணைநின்றது.

கண்டவுடன் பணம் தர வேண்டியது தர்சன உண்டியல். குறித்த நாள் கழித்துத் தர வேண்டியது தவணை உண்டியல். ‘ஷா ஜோக்’ என்னும் வகையில், நன்மதிப்புடைய வணிகர் ஒருவரின் வழியாகவே பணம் பெற இயலும். சீட்டைத் திருடியவன் தானே சென்று பெறுதல் இயலாது. தொகையை எழுதும்போது, இன்ன தொகை, அதன் பாதி இவ்வளவு, அப்பாதியின் இரட்டிப்பு இவ்வளவு என்று எழுதும் வழக்கமும் இருந்தது. ஓர் எண்ணைத் திருத்தினால் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். சீட்டுத் தொலைந்தால் மறுசீட்டு எழுதும் முறையும் வகுக்கப்பட்டிருந்தது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டமும், இந்திய மொழிகளில் எழுதப்பெறும் இத்தகைய சீட்டுகளுக்குரிய உள்ளூர் வழக்கங்களைக் காத்தது. நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் தொழிலை நடத்தியதும் இத்தகைய உண்டியல்களின் துணைகொண்டே ஆகும். ஆகவே, பழைய உண்டியல் நம்பிக்கையை மட்டும் நம்பி நடந்ததன்று. எழுத்தை நம்பி நடந்தது.

மணியார்டரும் மௌனமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு மாவட்டத்து ஏழை மக்கள் மொரீசியசு, நேட்டால், மலாயா, பர்மா முதலிய நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றனர். கூலியாய்ச் சென்றவர் உண்டியல் எழுதும் வணிகர் அல்லர். அவர்களுக்குக் கிடைத்த வழி அஞ்சலகம். 1880ஆம் ஆண்டு முதல் இந்திய அஞ்சலகங்கள் மணியார்டர் சேவையை மேற்கொண்டன. பணத்தாளின் அடியில் இணைந்திருந்த சிறு துண்டில் இரண்டொரு வரி எழுதும் இடமும் இருந்தது. அந்தச் சிறு துண்டே பல குடும்பங்களுக்குக் கடிதமாயிற்று. அஞ்சல்காரர் வாசலில் நின்று பணத்தை எண்ணித் தந்து, கைநாட்டு வைப்பவராயின் சாட்சியோடு ஒப்பம் பெற்றுச் செல்வார். அனுப்பியவர், தொகை, பெற்றவர், சாட்சி ஆகிய யாவும் ஒரே தாளில் அடங்கின.

என் இளமையில் எங்கள் தெருவில் எழுத்தறியாத மூதாட்டியர் பலர் இருந்தனர். மணியார்டர் துண்டைப் படித்துச் சொல்லும் பணி பள்ளிச் சிறுவனாகிய எனக்கு வாய்த்தது. ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்னும் ஒரு வரியை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். பணத்தை முந்தானையில் முடிந்த பின்னரும் துண்டைக் கையிலேயே வைத்திருப்பார்கள். அது பத்திரமாகச் சேர்ந்த இடம் பெரும்பாலும் அரிசிப் பானையோ மரப்பெட்டியோ ஆகும்.

அவ்வழியும் அறுபட்ட காலம் ஒன்றுண்டு. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அடுத்த மாதமே இரங்கூனும் வீழ்ந்தது. மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த பணமும் கடிதமும் ஒருங்கே நின்றன. மலாயாத் தோட்டங்களில் இருந்த தமிழர் பலர் சயாம் – பர்மா இரயில் பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்தனர். இங்கே ஊர்களில் காத்திருந்த மனைவியருக்கும் தாயருக்கும், பணம் வராததைவிடச் செய்தி வராததே பெருந்துன்பமாயிற்று. அயல்நாட்டிலிருந்து வரும் பணம் வெறும் பொருள் அன்று, அனுப்பியவர் உயிரோடிருக்கிறார் என்பதற்கான சான்றும் ஆகும் என்பதை அவ்வாண்டுகள் உணர்த்தின.

புதுவை வழியாக வந்த பிரெஞ்சுப் பணம்

நம் பகுதிக்கே உரிய மற்றொரு வழியையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். 1879ஆம் ஆண்டில் விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே இருப்புப்பாதை அமைந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரித் தமிழர் பலர் இந்தோசீனத்திற்குச் சென்று சைகோன் முதலிய நகரங்களில் அலுவலராகவும் படைவீரராகவும் பணியாற்றினர். 1954 நவம்பர் முதல் நாளில் புதுவை இந்திய ஆட்சிக்குள் வந்தது. 1962 ஆகஸ்டு 16இல் அம்மாற்றம் சட்டப்படி நிறைவுற்றது. ஆயினும் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட முன்னாள் படைவீரர்க்கும் அவர்தம் கைம்பெண்டிர்க்கும் ஓய்வூதியம் கடல் கடந்து வந்துகொண்டே இருந்தது.

அப்பணம் வருவதற்குப் பிறப்பு, திருமணம், உயிர்வாழ்தல் ஆகியவற்றுக்கு முறையான சான்றுகள் வேண்டியிருந்தன. எழுத்தறியாத கைம்பெண்டிரும் தம் திருமணச் சான்றை உயிர்போல் காத்தனர். எழுத்து இருந்தமையால் கணவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகியும், ஆட்சியே மாறியும், அவர்களுக்குரிய பொருள் தவறாமல் வந்தது.

எழுதாத உண்டியல்

1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகளில் கட்டுமானப் பணிகள் பெருகின. கொத்தனார், தச்சர், ஓட்டுநர், மின்பணியாளர் எனப் பல்லாயிரவர் இங்கிருந்தும் சென்றனர். அதே காலத்தில்தான் எழுதாத உண்டியலும் செழித்தது. அதற்குக் காரணங்கள் பல. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் கடுமையாக இருந்தது. டாலருக்கும் தினாருக்கும் அரசு நிர்ணயித்த மதிப்பு ஒன்று. கள்ளச் சந்தையில் கிடைத்த மதிப்பு வேறொன்று. 1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையிலிருந்த காலத்தில் தங்கத்தைக் கடத்துவோர்க்கு வெளிநாட்டுப் பணம் வேண்டியிருந்தது. ஆகவே அவர்கள் கூடுதல் விலை கொடுத்தனர். வங்கி வழியே அனுப்பின் பல வாரங்கள் ஆகும். உண்டியல்காரர் மூன்றாம் நாள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருவார். அடையாளம் ஒரு ரூபாய் நோட்டின் எண் மட்டுமே. அந்நோட்டைக் காட்டினால் பணம் கைக்கு வரும். அதன்பின் எந்தத் தடயமும் இராது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் நான் ஆசிரியராகப் பணியாற்றினேன். ஒன்பதாம் வகுப்பில் பயின்ற மாணவன் ஒருவனின் தந்தை வளைகுடா நாட்டில் கொத்தனாராக இருந்தார். ஒன்பது ஆண்டுகள் உண்டியல் வழியே பணம் அனுப்பினார். அவருடைய மனைவிக்கு வங்கிக் கணக்கு இல்லாமையால் பணம் அவர்தம் தமையனார் கைக்கே வந்தது. தமையனார் மனை வாங்கினார், வீடு கட்டினார், ஆவணங்கள் அவர் பெயரிலேயே அமைந்தன. அப்போது எவருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. ஒருநாள் கொத்தனார் அங்கேயே மாரடைப்பால் இறந்துபோனார். ஓராண்டு கழிந்தபின் வீடு யாருடையது என்னும் வழக்கு எழுந்தது.

ஊர்ப் பெரியவர்கள் கூடியபோது என்னையும் அழைத்திருந்தனர். அந்த அம்மையார் என்னை நோக்கி, “ஐயா, ஒன்பது வருசம் அவர் வெயில்ல நின்னு அனுப்பின காசு. அதுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட என்கிட்ட இல்லீங்களே” என்றார். அவையில் எவரும் வாய் திறக்கவில்லை. உண்டியல்காரர் சாட்சி சொல்ல வரமாட்டார்; வந்தால் அவரே குற்றவாளி ஆவார். தமையனாரும் கொடியவர் அல்லர்; தம் உழைப்பும் அவ்வீட்டில் கலந்திருப்பதாக உண்மையாகவே நம்பினார். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாயிற்று என்பதை அவராலும் சொல்ல இயலவில்லை.

இறுதியில் அப்பெண்மணிக்குத் துணைநின்றவை இரண்டு வங்கி வரைவோலைகள். உண்டியல்காரர் கிடைக்காத சமயத்தில் கொத்தனார் இரண்டு முறை வங்கி வழியே டிராஃப்ட் எடுத்து அனுப்பியிருந்தார். அவற்றோடு வந்த கடிதங்களை மாணவன் தன் பழைய பாடப் புத்தகத்தில் வைத்திருந்தான். வங்கிப் பதிவேடும் அவற்றை உறுதி செய்தது. மனை வாங்கிய ஆண்டும் அவ்வோலைகளின் ஆண்டும் ஒன்றாக இருந்தமையால், மனையில் பாதியை அப்பெண்மணி பெயருக்கு எழுதித் தரத் தமையனார் இசைந்தார். ஒன்பது ஆண்டு உழைப்பில் அக்குடும்பத்திற்குச் சான்றாக எஞ்சியவை இரண்டு தாள்களே. இதை நான் வகுப்பறையில் பலமுறை கூறியிருக்கிறேன்.

வங்கி வழி

1992, 1993ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணி முறை மாற்றம் பெற்றது. ரூபாயின் மதிப்பைச் சந்தையே நிர்ணயிக்கத் தொடங்கியதால் உண்டியல்காரர் தந்த கூடுதல் ஆதாயம் பெரிதும் குறைந்தது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இலேயே நீக்கப்பட்டிருந்தது. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 2000 ஜூன் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. இருப்பினும், உரிமம் பெறாத உண்டியல் வழி இன்றும் சட்டத்திற்குப் புறம்பானதே.

வங்கி வழியே வரும் பணம் உண்மையில் பணமாகப் பயணம் செய்வதில்லை. செய்தியே பயணம் செய்கிறது. 1973இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் கூடி ‘ஸ்விஃப்ட்’ என்னும் அமைப்பை ஏற்படுத்தின. ஒரு நாட்டு வங்கி மற்றொரு நாட்டு வங்கிக்கு, இன்னாருக்கு இவ்வளவு தருக என்று எழுதும் செய்தியை அது கொண்டு செல்கிறது. வங்கிகள் தமக்குள் வைத்திருக்கும் கணக்குகளில் பற்றும் வரவும் எழுதிச் சரிசெய்துகொள்கின்றன. சிந்தித்தால் இது பழைய உண்டியலின் முறையே ஆகும். ஓலைக்கு மாற்றாக மின்செய்தி வந்துள்ளது.

இங்கே வரும் ஒவ்வொரு தொகைக்கும் நோக்கக் குறியீடு ஒன்றை வங்கி பதிவு செய்கிறது. குடும்பப் பராமரிப்புக்கு ஒரு குறியீடு. தனிப்பட்ட அன்பளிப்புக்கு ஒன்று. சமய, அற நிறுவனங்களுக்கான நன்கொடைக்கு வேறொன்று. ‘எதன் பொருட்டு’ என்னும் நாகப்பட்டினத்துக் கல்லின் வினாவே இங்கும் கேட்கப்படுகிறது. வரவுக்கான சான்றை வங்கியிடம் கேட்டுப் பெறலாம்.

உரிய அடையாளச் சான்றைக் காட்டி உடனே பணம் பெறும் பணமாற்றச் சேவையும் நம் ஊர்களில் நடைபெறுகிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி அவ்வழியில் ஒரு முறைக்கு 2500 டாலர் வரை அனுப்பலாம். ஒருவர் ஓராண்டில் 30 முறை வரை பெறலாம். 50,000 ரூபாய் வரை ரொக்கமாகவும் அதற்கு மேல் வங்கிக் கணக்கின் வழியாகவும் வழங்கப்படும். 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் ‘பேநவ்’ முறையும் நம் யு.பி.ஐ. முறையும் இணைக்கப்பட்டமையால், கைப்பேசியிலேயே பணம் பெறும் வழியும் திறந்தது. ஒரு காலத்தில் நம் மூதாட்டியர் காத்திருந்த மணியார்டரின் பழைய வடிவம் 2015இல் விடைபெற்றது.

2022ஆம் ஆண்டில் இந்தியா பெற்ற வெளிநாட்டு வரவு ஏறத்தாழ 11,100 கோடி டாலர். ஒரே ஆண்டில் பதினாயிரம் கோடி டாலரைக் கடந்த முதல் நாடு நம் நாடே ஆகும். ரிசர்வ் வங்கியின் ஆய்வுப்படி 2023–24இல் அவ்வரவில் தமிழகத்தின் பங்கு 10.4 விழுக்காடு. அவ்வாறாயின் நம் வீட்டுக் கணக்கும் நாட்டுக் கணக்கின் ஒரு துளியே.

அறக்கட்டளைகள் கருத வேண்டுவன

வீட்டிற்கு வரும் பணமும் திருப்பணிக்கு வரும் பணமும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல என்பதை நம் சமூகத்தார் நினைவிற் கொள்ளல் வேண்டும். மேற்கூறிய பணமாற்றச் சேவை குடும்பத் தேவைக்கே உரியது. அற நிறுவனங்களுக்கான நன்கொடையை அவ்வழியில் பெறுதல் கூடாது.

வெளிநாட்டில் வாழ்ந்தும் இந்தியக் குடியுரிமையைத் துறவாதவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியே அனுப்பும் நன்கொடை அயல்நாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. அவருடைய கடவுச்சீட்டு விவரத்தைப் பெற்று வைத்தல் நலம். ஆனால் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், அவர் நம் ஊரில் பிறந்தவரேயாயினும், கடல்கடந்த இந்தியர் அட்டை உடையவரேயாயினும், சட்டப்படி அயலாரே. அவரிடமிருந்து நன்கொடை பெற வேண்டுமாயின், 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அறக்கட்டளை பதிவு பெற்றிருக்க வேண்டும். அன்றி முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், அப்பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையிலுள்ள கணக்கிலேயே வந்து சேர வேண்டும். விழாவுக்கு வந்த இடத்தில் அவர் ரூபாயாகவே எடுத்துக் கொடுத்தாலும் அது அயல்நாட்டுப் பங்களிப்பே ஆகும்.

‘நம் பிள்ளை கொடுப்பதற்கு இத்தனை விதியா?’ என்று மூத்தோர் சிலர் வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். அவ்வருத்தத்தில் அன்பு உண்டு. ஆயினும் நன்கொடை அளித்த பிள்ளையின் நற்பெயரும், அதனைப் பெற்ற அறத்தின் நற்பெயரும் இவ்விதிகளைப் பொறுத்தே நிற்கின்றன. அறியாமையால் செய்த பிழைக்கும் பொறுப்பேற்க வேண்டியவர் அறங்காவலரே.

முதியோர்க்கு மற்றொரு சொல். ‘வெளிநாட்டிலிருந்து உங்களுக்குப் பரிசு வந்துள்ளது, சுங்கக் கட்டணம் செலுத்துக’ என்று கைப்பேசியில் கேட்போரையும், ‘உங்கள் கணக்கில் பணம் வரும், எடுத்துத் தந்தால் பங்கு உண்டு’ என்போரையும் நம்பலாகாது. அனுப்பியவர் யார், எதன் பொருட்டு என்னும் இரண்டு வினாக்களுக்கு விடையில்லாத பணம் நமக்குரியது அன்று. பிறன் பொருளைத் தன் பொருளாகக் கொள்ளாமை என்பது தெரியாத பணத்தைத் தொடாமையையும் உள்ளடக்கும்.

நிறைவாக, இல்லத்தார் ஒவ்வொருவரும் செய்யத்தக்க எளிய செயல் ஒன்றுண்டு. வெளிநாட்டிலிருந்து பணம் வரும் நாளையும், தொகையையும், அனுப்பியவர் பெயரையும், செலவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். வங்கிச் சான்றுகளை அதனோடு சேர்த்து வைக்கலாம். கணக்கு மனைவி பெயரிலோ பெற்றோர் பெயரிலோ தனித்திருக்கட்டும். உறவினர்மேல் ஐயம் கொண்டு செய்வதன்று இது. உறவு கெடாதிருக்கும் பொருட்டுச் செய்வது. அந்தக் கொத்தனாரின் தமையனார்க்கும் தம்பி மனைவிக்கும் இடையே முறிந்த பேச்சு, ஒரு குறிப்பேடு இருந்திருந்தால் முறியாமலே இருந்திருக்கும்.